சின்னத் தொலைநோக்கிக்கு எந்த மவுண்ட்? காரைக்குடி வானத்தை வைத்து ஒரு விளக்கம்

தொலைநோக்கி வாங்கிய முதல் வாரத்தில் அப்பத்தாவுக்கு நிலாவைக் காட்ட ஆசைப்பட்டேன். கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் பழைய வீட்டு மொட்டை மாடி. பங்குனி மாதம், மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. கருவி 70 மில்லிமீட்டர் அகல லென்ஸ் போட்டது. நிலாவைப் பிடித்து நடுவில் நிறுத்தி, விலகி நின்று அவரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர், "ஒண்ணையும் காணுமேப்பா" என்றார். நான் பார்த்தேன், நிலா போயிருந்தது. மறுபடி பிடித்தேன். கையை எடுத்ததும் குழாய் தலையைத் தொங்கப்போட்டது. மூன்றாம் முறை நிலா கிடைத்தது, ஆனால் கிணற்றுத் தண்ணீரில் கல் விழுந்த பிறகு தெரியும் நிலா மாதிரி நடுங்கிக்கொண்டே இருந்தது. முழங்கால் வலியோடு படியேறி வந்தவர் ஒன்றையும் பார்க்காமலே இறங்கிப் போனார்.

லென்ஸில் ஒரு குறையும் இல்லை. அதே குழாயை இரண்டு மாதம் கழித்து வேறொரு மவுண்டில் வைத்தபோது வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் ஊசி குத்தினாற்போல் நின்றன. அன்றிலிருந்து யார் தொலைநோக்கி பற்றிக் கேட்டாலும் முதலில் மவுண்டைப் பற்றித்தான் பேசுகிறேன். விளம்பரப் பெட்டியில் 'இத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். குழாயைத் தாங்குவது எது என்று போடவே மாட்டார்கள்.

மவுண்ட் என்றால் குழாயைத் தாங்கி, நாம் விரும்பும் திசைக்குத் திருப்ப உதவும் பகுதி. அதற்குக் கீழே ட்ரைபாட், அதாவது மூன்று கால். அதற்கு இரண்டே வேலைதான். விட்ட இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும், தள்ளினால் வழுக்கிக்கொண்டு போவதுபோல் மெதுவாக நகர வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அழுத்தி நிற்பது எளிதில் நகராது, எளிதில் நகர்வது நிற்காது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்வதால்தான் நல்ல மவுண்டுக்கு விலை.

அசைவு ஏன் இவ்வளவு தொல்லை? பிள்ளையார்பட்டிக் கோயில் கோபுரத்தை ரோட்டிலிருந்தே செல்போனில் முழுதாக ஜூம் செய்து பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத கை நடுக்கம் திரையில் கோபுரத்தையே ஆட்டும். தொலைநோக்கி 100 மடங்கு பெரிதாக்கினால் ஆட்டத்தையும் 100 மடங்காக்கும். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். மவுண்ட் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆடினாலே, ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில், அது ஒன்றரை டிகிரிக்கு மேல் ஆடுவதாகத் தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரியும் நிலாவை மூன்று முறை பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் எவ்வளவு அகலமோ, அவ்வளவு தூரம் படம் துள்ளும். இதில் சனியின் வளையத்தை எங்கே பார்ப்பது?

நகர்வு அதைவிட முக்கியம். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழல்கிறது, அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. சாதாரண ஐபீஸில் 50 மடங்கு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி வானம் தெரியும். ஒரு ஓரத்தில் நுழைந்த கோள் நான்கு நிமிடத்தில் மறு ஓரத்தில் வெளியேறிவிடும். 100 மடங்கில் அதே பயணம் இரண்டே நிமிடம். அப்பத்தா வந்து, கண்ணாடியைக் கழற்றிக் குனிவதற்குள் நிலா நகர்ந்துபோனது இப்படித்தான். ஆக, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலால் குழாயைத் துளித் துளியாக நகர்த்த முடிய வேண்டும்.

இரண்டு குடும்பங்கள்

கையால் இயக்கும் மவுண்ட்களில் அடிப்படையாக இரண்டு குடும்பங்கள். ஒன்று மேலே கீழே, இடம் வலம் என்று இரண்டு பக்கமும் திரும்புவது. இதை ஆல்ட்-அசிமுத் என்பார்கள். கழுத்தைத் திருப்புவதும் தலையை நிமிர்த்துவதும் போலத்தான், சொல்லித்தர ஒன்றுமில்லை. மற்றது ஈக்வடோரியல். இதில் ஒரு அச்சைச் சாய்த்து, பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக, வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்க வேண்டும். அப்படி வைத்துவிட்டால் ஒரே ஒரு குமிழைத் திருகி எந்த விண்மீனையும் பின்தொடரலாம். கேட்க அழகாக இருக்கும். எடைக்கல் தொங்கும் கம்பி, அளவு பொறித்த வட்டங்கள் என்று பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் மயங்குவது இதில்தான்.

நம் ஊருக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் அட்சரேகை. காரைக்குடி பூமத்தியரேகைக்கு வடக்கே வெறும் 10 டிகிரியில் இருக்கிறது. துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்றால், அந்த ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. நமக்குத் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலே ஒரே ஒரு முஷ்டி உயரத்தில், மங்கலாக இருக்கும். வடக்கே ஒரு பனைமரம், பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை, ஒரு தண்ணீர்த் தொட்டி போதும், மறைந்துவிடும். நான் ஐந்து வருடமாகப் பார்க்கும் மாடியிலிருந்து அதைத் தெளிவாகக் கண்ட இரவுகள் சொற்பம்.

கருவியிலும் சிக்கல் உண்டு. சிறிய ஈக்வடோரியல் மவுண்ட்கள் பல, துருவ நட்சத்திரம் வானத்தில் பாதி உயரத்தில் நிற்கும் வட நாடுகளுக்கு வசதியாக அமைந்தவை. அதை 10 டிகிரிக்கு இறக்கினால் அச்சு ஏறக்குறையப் படுத்துக்கொள்ளும். எடைக்கல் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும், பாரம் ஒரு பக்கமாகச் சரியும். பெரிய ஆய்வகங்களில் இதற்குத் தனியாக வழி செய்திருக்கிறார்கள். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஈக்வடோரியல்தான், 1986 முதல் இயங்குகிறது. அதன் வடக்கு முனையைக் குதிரை லாடம் போன்ற பெரிய வளையம் தாங்குகிறது. குறைந்த அட்சரேகைக்கு ஏற்ற அமைப்பு அது. கான்கிரீட்டில் ஒரு முறை நிலையாகப் பொருத்திவிட்ட கருவிக்கு அது சரி. சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் மாடிக்குத் தூக்கிப்போகும் கருவிக்கு அந்தப் பாடு தேவையில்லை.

இன்னொரு பக்கம், நம் வானம் எளிய ஆல்ட்-அசிமுத் மவுண்டுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் விண்மீன்கள் சாய்ந்து ஏறுவதில்லை. கிழக்கே உதித்து கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி, மேற்கே அப்படியே இறங்குகின்றன. கிழக்கில் ஏறிவரும் ஒரு கோளைப் பின்தொடர நீங்கள் செய்ய வேண்டியது பெரும்பாலும் மேலே தூக்கும் குமிழைத் திருகுவது மட்டும்தான். பக்கவாட்டுக் குமிழை எப்போதாவது தொட்டால் போதும். ஐரோப்பாவில் இருப்பவர் இரண்டு கையாலும் இரண்டு குமிழையும் மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருப்பார். ஈக்வடோரியல் தருகிறேன் என்று சொல்லும் 'ஒரே குமிழ்' வசதியில் பாதி நமக்குச் சும்மாவே கிடைக்கிறது.

தலைக்கு மேலே

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் இந்த மவுண்ட் முரண்டு பிடிக்கும். அது நேர் உச்சி. குழாய் வானத்தை நேராக நோக்கி நிற்கும்போது இடம் வலம் திருப்புவதில் பொருளில்லை. குழாய் நின்ற இடத்திலேயே சுழலும், அவ்வளவுதான். உச்சியை ஒட்டிப் போகும் விண்மீனைப் பிடிக்க மவுண்டை அரை வட்டம் சுற்ற வேண்டி வரும்.

குளிர் நாட்டுக்காரர்களுக்கு இது பெரிய குறையில்லை. அவர்களுக்குக் கோள்கள் உச்சிக்கு வருவதே இல்லை. நமக்கோ எல்லாமே தலைக்கு மேலேதான் போகிறது. சித்திரை பிறந்து ஓரிரு நாளில் காரைக்குடியில் நண்பகல் வெயில் நேர் உச்சியில் நின்று நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆவணியில் இன்னொரு முறை அதே நடக்கும். சூரியன் போகும் பாதையை ஒட்டியே நிலாவும் கோள்களும் போவதால் அவையும் அடிக்கடி உச்சிக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. தை மாத முன்னிரவில் திருவாதிரை உச்சியிலிருந்து மூன்று டிகிரிக்குள் கடக்கும். சித்திரையில் மகம், ஆவணியில் திருவோணம் இரண்டும் உச்சியிலிருந்து இரண்டு டிகிரிக்குள் போகும். தலைக்கு மேலே இருக்கும் வானத்தில்தான் காற்றின் தடிமன் குறைவு, படமும் தெளிவு. அங்கே பார்க்க முடியாத மவுண்ட் நம் ஊரில் பாதி மவுண்ட்.

எனவே வாங்கும்போது நான் முதலில் செய்யச் சொல்லும் சோதனை இது. குழாயை நேர் மேலே நிறுத்துங்கள். நீளக் குழாயின் அடிப்பகுதி ட்ரைபாட் காலில் இடிக்கிறதா? ஐபீஸுக்குக் கீழே தலையை நுழைக்க இடம் இருக்கிறதா? பூட்டைத் தளர்த்தினால் குழாய் பின்பக்கமாகச் சரிகிறதா? என் முதல் மவுண்ட் மூன்றிலும் தோற்றது. குழாயை இரு பக்கமும் பிடிக்கும் சின்னக் கவட்டை, பக்கத்தில் உயரத்தைச் சரிசெய்ய ஒரு மெல்லிய கம்பி. இந்த அமைப்பில் குழாய், திரும்பும் அச்சுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். படுத்திருக்கும்போது சமமாக நிற்கும், நிமிர்த்த நிமிர்த்த பாரம் பின்னால் போய் ஒரு கட்டத்தில் மல்லாந்துவிடும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் தீராது. தராசின் முள் இடம் மாறியிருக்கும்போது தட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

இதற்கு மாற்று, ஒற்றைக் கை மவுண்ட். ட்ரைபாட்டிலிருந்து ஒரு பக்கமாக எழும் தடித்த கை, அதன் பக்கவாட்டில் குழாய். குழாயின் நடுக்கோடு அச்சுக்கு நேராக வருவதால் எந்தக் கோணத்திலும் பாரம் மாறாது. குழாயும் காலை விட்டு விலகி நிற்கும். 70 முதல் 100 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸ் தொலைநோக்கிக்கு இதையே சொல்வேன். இரண்டு பக்கமும் மெதுவாகத் திருகும் குமிழ்கள் இருந்தால் இன்னும் நல்லது. குழாயைப் பிடிக்கும் உலோகப் பட்டை, டவ்டெய்ல் என்பார்கள், ஏறக்குறைய 44 மில்லிமீட்டர் அகலப் பொது அளவில் இருக்கட்டும். நாளைக்கு வேறு குழாய் வாங்கினாலும் அதே மவுண்டில் ஏறும். கேமரா ட்ரைபாட் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பைனாகுலருக்கு அது போதும். தொலைநோக்கிக்கு, பூட்டியதும் படம் கீழே இறங்கிவிடும், வானத்தில் ஒரு புள்ளியைப் பிடிக்கப் போராட வேண்டியிருக்கும்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மவுண்ட் ஐந்து கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் மூன்று கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதோடு நீளத்தையும் பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டு குழாய்களில் நீளமானதுதான் அதிகம் ஆடும். காற்றில் நீளக் கழி ஆடுவதும் குட்டைக் கழி ஆடாமல் நிற்பதும் போலத்தான்.

துறவி செய்த பெட்டி

லென்ஸுக்குப் பதிலாக ஆடி, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி, வைத்த தொலைநோக்கி என்றால் கதை வேறு. அதற்கு டாப்சோனியன் என்ற மரப்பெட்டி மவுண்டை மிஞ்ச ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். ஜான் டாப்சன் 1915-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர், சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் 23 ஆண்டுகள் இராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருந்தவர். கையில் காசில்லை. கப்பல் ஜன்னலின் வட்டக் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். தாங்குவதற்குப் பலகையில் ஒரு பெட்டி செய்தார். 1967-ல் மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு, நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலாவையும் சனியையும் காட்டிக்கொண்டே இருந்தார். அந்த வடிவத்துக்கு அவர் காப்புரிமை கேட்கவே இல்லை. 2014-ல் இறந்தார். அந்தப் பெட்டியை இன்று உலகம் முழுக்க யாரும் செய்துகொள்ளலாம்.

அதன் உள்விஷயம் எளிது. அடியில் ஒரு பலகை, அதற்கு மூன்று கால். அதன்மேல் டெஃப்லான் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் சரியாக ஒரு காலுக்கு நேர் மேலே. அவற்றின்மேல், அடியில் சன்மைக்கா ஒட்டிய பெட்டி நடுப்போல்ட்டில் சுழலும். குழாயின் இரு பக்கமும் வட்டத் தட்டு. பிவிசி குழாயின் மூடியே போதும். அது பெட்டியின் விளிம்பில் இரண்டு டெஃப்லான் துண்டுகள்மேல் உட்காரும். டெஃப்லானும் சன்மைக்காவும் உரசும்போது ஒரு அருமையான குணம் கிடைக்கிறது. கையை எடுத்தால் நிற்கும், விரலால் தள்ளினால் திக்காமல் நகரும். பளபளப்பான சன்மைக்காவைவிடப் பொரிபொரியாக இருப்பது நல்லது. எண்ணெய் மட்டும் போடாதீர்கள், தூசி அப்பிக்கொள்ளும். நம் செம்மண் தூசியைச் சொல்லவே வேண்டாம். இறுக்கமாகத் தோன்றினால் கொஞ்சம் மெழுகு தேய்க்கலாம்.

நம் பக்கத்தில் மரவேலை தெரிந்த ஆசாரிமாருக்குப் பஞ்சமில்லை. நிலைக்கதவில் இலையும் கொடியும் செதுக்கும் கைகளுக்கு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் ஒரு பெட்டி அடிப்பது ஒரு நாள் வேலை. நான் செய்யச் சொன்ன ஆசாரி அளவுகளைக் கேட்டுக்கொண்டு, "இதுல என்னத்த பாக்கப் போறிய?" என்றார். பெட்டி முடிந்த அன்று சாயங்காலம் அவரையே முதலில் பார்க்கச் சொன்னேன். நிலாவின் பள்ளங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, பெட்டியின் விளிம்பைத் தடவி, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழைக்கணும்" என்று மறுநாள் திரும்ப எடுத்துப்போனார்.

டாப்சோனியனில் இரண்டு வகை. ஆடியின் அகலம் 76 முதல் 130 மில்லிமீட்டர் வரை என்றால் பெரும்பாலும் மேசைமேல் வைப்பது, அதற்கு மேல் பெரும்பாலும் தரையில் வைப்பது. 150 மில்லிமீட்டர் தரை வகை பெட்டியும் குழாயும் சேர்ந்து பதினைந்து கிலோவுக்கு மேல் போகும். பழைய வீட்டு மாடிப்படி செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும், அதை மனதில் வைத்து வாங்குங்கள். மேசை வகைக்கு எதன்மேல் வைப்பது என்பதுதான் கேள்வி. திண்ணை ஆசைகாட்டும், அசையவே அசையாது, ஆனால் மேலே கூரை. மாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கவே கூடாது. கனமான முக்காலி ஒன்றைத் தேடுங்கள். நான்கு கால் ஸ்டூல் மேடுபள்ளத் தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தாளம் போடும். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும். அடுப்புக்கு மூன்று கல் வைத்தவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

எங்கே நிறுத்துவது

மவுண்ட் எவ்வளவு நல்லதானாலும் அடியில் இருப்பது ஆடினால் எல்லாம் ஆடும். மரக்கட்டைகள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியில் ஒருவர் நடந்தாலே சனி துள்ளும். அதோடு பகலெல்லாம் வாங்கிய வெயிலை அந்தத் தளம் நள்ளிரவு வரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், படம் அனல்மேல் தெரிவதுபோல் நெளியும். பின்கட்டில் மண் தரை இருந்தால் அதுவே மேல். செம்மண் பொலபொலவென்று இருந்தால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு செங்கல் துண்டு வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தளத்தில் வைப்பதானால் கால்நுனியில் ரப்பர் இருக்கட்டும். இல்லாவிட்டால் வழுக்கும், பூக்கல்லிலும் கீறல் விழும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வளவின், அதாவது வீட்டு உள்கட்டின், நடுவே திறந்திருக்கும் முற்றம். கல் பாவிய தரை, நான்கு பக்கமும் கட்டடம், காற்று கிடையாது, தெருவிளக்கு கிடையாது. ஆனால் தாழ்வான வானம் முழுவதையும் கூரை மறைத்துவிடும். மிஞ்சுவது உச்சியைச் சுற்றிய ஒரு சதுரம். துருவ நட்சத்திரம் கண்ணில் படவே படாது, ஈக்வடோரியல் வைத்திருப்பவர் அங்கே திசைகாட்டியை நம்பியே வைக்க வேண்டும். உச்சிக்கு ஒழுங்காக எழும் ஒற்றைக் கை மவுண்டோ மரப்பெட்டியோ இருந்தால் அந்தச் சதுரமே போதும். தை மாதத்தில் கார்த்திகைக் கூட்டம், ரோகிணி, திருவாதிரை என்று ஒவ்வொன்றாக அந்த ஜன்னலைக் கடந்துபோகும். நேர் உச்சியில் மவுண்ட் திக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குக் காத்திருங்கள். கால்மணி நேரத்தில் அது நான்கு டிகிரி மேற்கே நகர்ந்து வசப்பட்டுவிடும்.

தெற்கு வானம் வேண்டுமென்றால் மாடிக்கோ வயல்வெளிக்கோ போகத்தான் வேண்டும். மாசி முன்னிரவில் அகத்தியர் விண்மீன் தெற்கே மூன்று முஷ்டிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிற்கும். வட நாட்டவர் பலருக்குக் கிடைக்காத காட்சி அது.

ட்ரைபாட் கால்களை முழுதாக இழுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் உயரம் போதும், ஆட்டம் நன்றாகக் குறையும், முதுகும் தப்பிக்கும். நடுவில் ஒரு பையில் நாலைந்து கிலோ மணல் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் அடங்கும்.

வாங்கிய கருவியைப் பகலிலேயே சோதித்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். சூரியன் பக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்கும் திருப்பாதீர்கள், ஒரு நொடியில் கண் போய்விடும். தூரத்துக் கோயில் கலசத்தையோ செல்போன் டவரையோ நடுவில் வைத்து, குழாயை விரலால் லேசாகத் தட்டி எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் படம் அடங்கினால் நல்ல மவுண்ட். ஐந்து வரை ஆடினால் திருப்பி அனுப்புங்கள். ஃபோகஸ் குமிழைத் திருகும்போது படம் தெளிவாவதைப் பார்க்க முடிகிறதா, அல்லது கையை எடுத்த பிறகுதான் தெரிகிறதா என்றும் பாருங்கள். கையை எடுத்ததும் கலசம் இடம் மாறினால், குழாயைப் பிடிப்பில் முன்பின் தள்ளிப் பாரத்தைச் சமன் செய்து பாருங்கள். அப்போதும் மாறினால் மவுண்ட்தான் குறை.

என் அப்பத்தா இரண்டாம் முறை மேலே வர வைகாசி ஆயிற்று. இரவு ஒன்பதரை இருக்கும். வடக்கே 45 டிகிரி உயரத்தில் சப்தரிஷி மண்டலம். வசிட்டரையும் அருந்ததியையும் ஒரே பார்வைக்குள் வைத்து, 50 மடங்கில் நிறுத்தி, நாற்காலியை இழுத்துப்போட்டேன். கல்யாணத்தன்று அம்மி மிதித்து அவர் பார்த்த அருந்ததி. தொலைநோக்கியில் வசிட்டர் ஒற்றையாக இருக்க மாட்டார், பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு விண்மீன் தெரியும். அவர் குனிந்து பார்த்தார். படம் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கண்ணை எடுக்காமலே, "மூணு இருக்குதேப்பா" என்றார்.